டூசான் சைக்கிள் பாதைகள்: கோப்பில் இல்லாத ஏழாவது மைல்

சிகாகோவில் இருக்கும் நண்பர் மே மாதக் கடைசியில் டூசான் வருகிறார். வாட்ஸப்பில் கேட்டிருந்தார்: "வாடகைக்கு ரோடு பைக் எடுத்துக்கறேன். நல்ல ரூட்டா நாலு ஜிபிஎக்ஸ் ஃபைல் மட்டும் அனுப்பிடுங்க, போதும்."

ஐந்து நிமிட வேலை. எல்லாமே என்னிடம் இருந்தன. அனுப்புவதற்கு முன்னால், தொழில் பழக்கம், ஒரு கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கே விவரங்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம். இப்படியே ஆயிரக்கணக்கான வரிகள். லெமன் மலையில் ஒரு மே மாதம் தண்ணீர் தீர்ந்துபோய் நான் உட்கார்ந்திருந்த இடம் அதில் எங்கே என்று தேடினேன். கிடைத்தது. இடம் மாறவில்லை, உயரம் மாறவில்லை, நேரம் மட்டும் நாற்பது நிமிடம் தள்ளிப் போயிருந்தது. அவ்வளவுதான்.

இந்தக் கோப்பை அப்படியே இன்னொருவருக்கு அனுப்புவது சரியில்லை என்று தோன்றியது. ஏன் என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தப் பதிவு.

பட்டியல்கள் என்ன சொல்கின்றன?

டூசான் அரிசோனாவின் தெற்கே, சொனோரா பாலைவனத்தில் இருக்கிற நகரம். நாலு பக்கமும் மலை. மற்ற ஊர்களில் பனி கொட்டும்போது இங்கே இதமான வெயில் அடிப்பதால், குளிர்காலத்தில் தொழில்முறை வீரர்கள்கூட பயிற்சிக்கு வருகிறார்கள். 1983-இல் தொடங்கிய 'எல் டூர் டி டூசான்' ஓட்டம் நவம்பரில் நடக்கும்போது ஊரே சைக்கிளாக இருக்கும்.

எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் அதே ஐந்து பெயர்கள்தான். லெமன் மலை, 'லூப்' என்கிற நகர்ச்சுற்றுப் பாதை, மேற்கே கேட்ஸ் பாஸ், சாகுவாரோ தேசியப் பூங்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கும் 8 மைல் வட்டம், தென்மேற்கே வானியல் ஆய்வகம் இருக்கிற கிட் பீக். ஒவ்வொன்றுக்கும் தூரம், ஏற்றம், சராசரி சாய்வு, ஒரு சூரிய அஸ்தமனப் படம். லெமன் மலை என்றால்: அடிவாரத்திலிருந்து சம்மர்ஹேவன் ஊர் வரை சுமார் 26 மைல், 5,000 அடிக்கு மேல் ஏற்றம், சாய்வு ஏறக்குறைய 4 சதவீதம், 'இயற்கையின் அற்புதம்'.

எண்களைக் குறை சொல்லவில்லை. 4 சதவீதம் என்று தெரிந்ததால்தான் நாற்பது வயதுக்கு மேல் எனக்கு அந்த மலையில் ஏறும் தைரியமே வந்தது. என் புகார் வேறு. இந்த எண்களை ஆல்ப்ஸ் மலைக்கும் எழுதலாம், நெதர்லாந்துக்கும் எழுதலாம். பாலைவன நகரத்தில் ஒரு பாதையைத் தீர்மானிக்கிற விஷயங்கள் இரண்டு. தண்ணீர் எங்கே இருக்கிறது, எங்கே திடீரென்று வரும் என்பது ஒன்று. இந்த இடத்தில் யார், எதற்காகப் பாதை போட்டார்கள் என்பது இன்னொன்று. பட்டியல்கள் இரண்டையும் விட்டுவிடுகின்றன.

முதல் புகார்: தண்ணீர்

டூசானில் ஒரு வருடத்துக்குப் பெய்கிற மழையே சுமார் 11 அங்குலம்தான். 1990 ஜூன் 26-ஆம் தேதி வெயில் 117 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. இன்றுவரை அதுதான் ஊரின் உச்சம்.

லெமன் மலையின் சிறப்பு என்று எல்லோரும் சொல்வது, மேலே போனால் 20 முதல் 30 டிகிரி வரை குறையும் என்பதை. உண்மைதான். கீழே சாகுவாரோ கள்ளி, கொஞ்சம் மேலே ஓக், அதற்கும் மேலே பைன் என்று காடே மாறிவிடும். ஆனால் அந்தக் குளிர்ச்சி கிடைப்பதற்கு முன்னால் வருகிற மைல்கள் நிழல் அதிகமில்லாத பாறைச் சரிவு. அன்று நான் இரண்டு பாட்டில்களோடு காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். இரண்டுமே தப்பு. ஏழாவது மைல் பக்கம் வரும்போது இரண்டும் காலி, லேசாகத் தலைசுற்றல். "இறங்கிட வேண்டியதுதானே" என்பீர்கள். தலை சுற்றும்போது அந்த வளைவுகளில் வேகமாக இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து. நிழலைப் பார்த்து ஒதுங்கினேன். காரில் வந்திருந்த ஒரு வயதான தம்பதி, நான் கேட்காமலே இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள்.

நான் பார்த்துக் கிளம்பிய பட்டியலில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடிவாரத்தை விட்டால் மேலே உள்ள ஊர் வரை தண்ணீர் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். வழியில் 14-வது மைல் பக்கம் வருகிற விண்டி பாயிண்டில் காட்சி பிரமாதம், ஆனால் கண்ணுக்கு மட்டும்தான். இந்த ஒரு வரி இல்லாத பட்டியலில் சாய்வு எத்தனை தசமம் வரை துல்லியமாக இருந்து என்ன பயன்?

இரண்டாவது புகார்: யார் போட்ட ரோடு?

அன்று நான் ஒதுங்கிய இடத்தின் பெயர் கார்டன் ஹிராபயாஷி முகாம் மைதானம். அதற்கு முன் மூன்று முறை அந்தப் பலகையைத் தாண்டிப் போயிருக்கிறேன். யாரோ வனத்துறை அதிகாரியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் குடித்துக்கொண்டே அங்கிருந்த விளக்கப் பலகைகளைப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் அங்கே கைதியாக இருந்தவர்.

இந்த மலைச்சாலை 1933-இல் தொடங்கி 1950-இல் முடிந்தது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் மத்திய அரசின் சிறைக் கைதிகள். ஏழாவது மைலில் இருந்தது அவர்களுடைய முகாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மனசாட்சிப்படி போரில் சேர மறுத்தவர்கள், அவர்களில் ஹோப்பி பழங்குடியினரும் உண்டு, இங்கே அனுப்பப்பட்டார்கள். ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசு வீடுகளிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்த காலம் அது. "எங்களையும் குடும்பத்தையும் அடைத்து வைத்துவிட்டு, ராணுவத்துக்கு மட்டும் கூப்பிடுவீர்களா?" என்று மறுத்த இளைஞர்கள் சிலரும் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள்.

ஹிராபயாஷி சியாட்டிலில் படித்துக்கொண்டிருந்த மாணவர். 1942-இல் ஜப்பானிய வம்சாவளியினருக்குப் போடப்பட்ட இரவு ஊரடங்கையும் வெளியேற்ற உத்தரவையும் ஏற்க மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1943-இல் தோற்றது. அரிசோனா முகாமுக்குப் போக வேண்டும், ஆனால் அனுப்பிவைக்க அரசிடம் பணம் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? தண்டனையை அனுபவிக்க, வழியில் வருகிற வண்டிகளை நிறுத்தி லிஃப்ட் கேட்டு, ஆயிரம் மைலுக்கு மேல் தானாகவே பயணம் செய்து டூசான் வந்து சேர்ந்தார். வந்தால், அவருடைய காகிதங்களைக் காணோம் என்றார்கள். கண்டுபிடிக்கும் வரை ஏசி தியேட்டரில் படம் பார்த்துவிட்டு, சாயந்திரம் திரும்பி வந்து சரணடைந்தார். 1987-இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் குற்றவாளி என்ற தீர்ப்புகளை ரத்து செய்தது. பிற்பாடு கனடாவில் சமூகவியல் பேராசிரியராக இருந்து, 2012-இல் தன் 93-வது வயதில் காலமானார்.

சாலையின் அதிகாரப்பூர்வப் பெயர் ஜெனரல் ஹிட்ச்காக் நெடுஞ்சாலை. ஜெனரல் என்றதும் ராணுவத்துக்காரர் என்று நினைக்காதீர்கள், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஃபிராங்க் ஹிட்ச்காக் தபால் துறை அமைச்சராக இருந்தவர், அந்தப் பதவியின் பெயர் 'போஸ்ட்மாஸ்டர் ஜெனரல்'. இந்தச் சாலை வர வேண்டும் என்று பாடுபட்டவர். அவர் பெயர் மொத்த மலைக்கும். உடைத்தவர்களில் ஒருவருடைய பெயர் 1999-இல் ஒரு முகாம் மைதானத்துக்கு. பட்டியல்களில் இந்த இரண்டும் கிடையாது, 'இயற்கையின் அற்புதம்' மட்டும்தான். மலை இயற்கை கொடுத்தது, சரி. நான் இதமாக ஏறிய அந்த 4 சதவீதம் இயற்கை கொடுத்தது இல்லை. பாறையை உடைத்து, வளைத்து வளைத்துக் கொண்டுபோய் ஒருவர் அதை 4 சதவீதமாக ஆக்கியிருக்கிறார்.

மூன்றாவது: லூப்

லெமன் மலை வேண்டாம் என்பவர்களுக்குப் பட்டியல்கள் சொல்வது லூப். 130 மைலுக்கு மேல், கார் கிடையாது, பெரும்பாலும் சமதளம், குடும்பத்தோடு போகலாம். எல்லாம் சரி. ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது?

ரில்லிடோ, சாண்டா குரூஸ் என்று ஆறுகளின் கரையோரமாகவே இந்தப் பாதை ஓடும். ஆறு என்றால் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணல். 1983 அக்டோபரில் வந்த வெள்ளம் அந்த மணல் ஆறுகளின் கரைகளை அறுத்துக்கொண்டு போய், பாலங்களையும் கட்டடங்களையும் சாய்த்தது. அதற்குப் பிறகு மண்ணையும் சிமெண்டையும் கலந்து கரைகளைக் கெட்டிப்படுத்தினார்கள். நாம் ஜாலியாக ஓட்டுகிற பாதையின் பெரும்பகுதி அந்த வெள்ளத் தடுப்புக் கரையின் மேல் வந்தது. இது தெரிந்திருந்தால், ஜூலை ஆகஸ்ட் பருவமழையில் பாலங்களுக்கு அடியில் குனிந்து போகிற இடங்களில் ஏன் தண்ணீரும் சேறும் நிற்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊருக்குள் வானம் தெளிவாக இருக்கும், மலையில் பெய்த மழை ஆற்றில் வந்துகொண்டிருக்கும்.

பஞ்சர் விஷயமும் உண்டு. பாதையோரத்தில் டயரைக் குத்துகிற முள்ளுக்கு இங்கே 'கோட்ஹெட்' என்று பெயர். முதல் தடவை பிடுங்கிப் பார்த்தபோது எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. தேடினால் அறிவியல் பெயர் டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். நம்ம ஊர் நெருஞ்சி! மருந்துக்கு அலைய விட்டதே, இங்கே வந்து டியூபைக் கிழிக்கிறது.

'கார் கிடையாது' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பாதை உருவாகப் பெரிதும் காரணமான மாவட்ட நிர்வாகி சக் ஹக்கிள்பெரியின் பெயரையே லூப்புக்கு வைத்திருக்கிறார்கள். அவர் பதவியில் இருந்தபோதே, 2021 அக்டோபரில், நகர மையத்தில் சைக்கிளில் போகும்போது கார் மோதிப் படுகாயம் அடைந்தார். லூப்பில் இல்லை, சாதாரணத் தெருவில். பட்டியல்கள் லூப்பின் வாசலிலிருந்து தொடங்குகின்றன. வீட்டிலிருந்து அந்த வாசல் வரை எப்படிப் போவது என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சைக்கிளிலேயே வேலைக்குப் போகிறவருக்கு அந்த வழிதான் முக்கியம்.

நண்பரின் எதிர்வாதம்

இதையெல்லாம் போனில் சொன்னேன். "ஏங்க, நான் கேட்டது ரூட்டு. நீங்க சரித்திரப் பாடம் எடுக்கறீங்க" என்றார். நியாயம்தான். மலை ஏறும்போது மூச்சு வாங்குகிற மனிதனிடம் உச்ச நீதிமன்ற வழக்கைச் சொன்னால் அடிக்க வருவான். அவசியமானதை வைத்து, மற்றதை விருப்பத்துக்கு விடுகிற மாதிரி செய்ய வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கான இடம் அந்தக் கோப்பிலேயே இருக்கிறது. ஜிபிஎக்ஸ் வடிவத்தில் தடப்புள்ளி தவிர, வழிக்குறி என்று தனியாக ஒன்று உண்டு. அதற்குப் பெயர் கொடுக்கலாம், விளக்கம் எழுதலாம். வடிவமைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். காலியாக விட்டது நாம்தான். என்னுடைய பழைய கோப்புகளையும் திறந்து பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு வழிக்குறி இல்லை. அடுத்தவர் பட்டியலைத் திட்டிக்கொண்டிருந்த நான் செய்ததும் அதேதான்.

அன்று இரவு உட்கார்ந்து நிரப்பினேன். அடிவாரத்தில்: 'இங்கே எல்லாவற்றையும் நிரப்பவும், விடிவதற்குள் கிளம்பவும், மூன்று பாட்டில்'. ஏழாவது மைலில்: 'நிழல், விளக்கப் பலகைகள். பத்து நிமிடம் நிற்கவும், தண்ணீர் கிடையாது'. விண்டி பாயிண்டில்: 'கழிப்பறை, காட்சி'. லூப்பில் பாலத்தடிகளுக்கு: 'மழை நாளில் மேலே ஏறிச் சுற்றிப் போகவும்'. ஓரமாக ஓய்வெடுக்கிற இடங்களில்: 'நெருஞ்சி, புல்லில் உருட்டாதீர்கள்'.

அனுப்பி ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ஹிராபயாஷி பற்றி ஒன்றும் இல்லை. "ஃப்ரேம்ல ரெண்டு பாட்டில் மாட்டத்தான் இடம் இருக்கும். மூணாவதை எங்க வெக்கறது?" என்று கேட்டிருந்தார். ஜெர்சியின் பின் பாக்கெட்டில் என்று எழுதியிருக்கிறேன். அதையும் வழிக்குறியில் சேர்க்க வேண்டும்.