நாரத்தையும் ஆரஞ்சும்

ஏர்க்காட்டு ஒண்டிக்கடையில் மலைப்பழத்தை விற்பவரும் வாங்குபவரும் 'ஆரஞ்சு' என்றே சொல்கின்றனர். இஃது ஆங்கிலேயர் தந்த பெயர் என்பது பொது எண்ணம். இதை மறுக்க எழும் மேடைப் பேச்சாளரோ, 'நாறும் காய்' என்னும் தூய தமிழே நேரே மேலை நாடேகி 'ஆரஞ்சு' ஆயிற்று என்பர். முன்னது அறியாமை, பின்னது அவசரம்.

இச்சொல் வடமொழியில் 'நாரங்க'. அதற்கு மூலம் திராவிடம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆயினும் தமிழின் நாரத்தையோடு மலையாளத்தின் 'நாரங்ங'வும் தெலுங்கின் 'நாரிஞ்ஜ'வும் உடன் நிற்கின்றன. திராவிடம் எனில் தமிழ் மட்டுமன்று. பாரசீகர் 'நாரங்' என்றனர். அதன் ஈற்றொலிக்கு அரபியில் எழுத்தில்லை. ஆகவே ஜீமை இட்டு 'நாரஞ்ஜ்' ஆக்கினர். புளிப்பு நாரத்தையை ஸிஸிலியிலும் ஸ்பெயினிலும் நட்டவரும் அரபியரே. மேடைகளில் விடுபட்டுப் போவது இவ்விடைவழிதான்.

ஸ்பானியர் 'நாரன்ஹா' என முதலெழுத்தைக் காத்தனர். போர்த்துக்கேயர் நாவில் அது 'லாரஞ்ஜா'. இத்தாலியில் 'ஒரு' என்னும் பொருளுடைய முன்சொல்லின் நகரத்தோடு இதன் நகரமும் கலந்து மறைய, 'அராஞ்சா' ஆயிற்று. பிரெஞ்சின் 'ஒராஞ்ஜ்' ஆங்கிலம் புகுந்தது. பின்னர் இனிப்புப் பழத்தைப் போர்த்துக்கேயர் பரப்பவே, கிரேக்கர் அதனைப் 'போர்த்தொகாலி' என்றனர். நாரஞ்ஜைக் கொடுத்த அரபியும் இனிப்புப் பழத்தை இன்று 'புர்துகால்' என்றே வழங்குகிறது! டச்சுக்காரருக்கோ அது 'சீன ஆப்பிள்'.

அந்த டச்சு நாட்டின் அரசகுடிப் பெயரிலும் 'ஆரஞ்சு' உண்டு, அது பழமன்று. தென்பிரான்சில் உரோமர் 'அராவ்சியோ' என்றழைத்த ஊரின் பெயர் திரிந்து 'ஒராஞ்ஜ்' ஆனது. 1544இல் அதன் ஆட்சியுரிமை நாசௌ குடியின் வில்லியத்துக்கு வந்தது. ஒலி ஒன்றாகவே, பழத்தின் நிறம் குடியின் நிறமாயிற்று. இன்று அந்நாட்டுக் கால்பந்தாட்டக்காரர் அணிவதும் அதுவே. அயர்லாந்தில் 1795இல் தோன்றிய ஆரஞ்சுச் சங்கமும் அக்குடியில் வந்த மூன்றாம் வில்லியத்தின் நினைவாகப் பெயர் பெற்றது.

ஒலியொப்புமை எத்துணை ஏமாற்றும் என்பதற்கு இது போதும். 'நாறும் காய்' வாதத்திற்கும் இதே உரைகல்தான். நாறுதல் பழந்தமிழில் மணத்தலே. பொருள் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் நாறுதலில் உள்ளது வல்லின றகரம். நாரத்தையில் உள்ளது இடையின ரகரம். இவ்விரண்டையும் வேறுபடுத்தாத மாணவனின் விடைத்தாளில் சிவப்பு மை இடுகிறோம். மேடைக்கு மட்டும் ஏன் விலக்கு?