வரிசையில் நின்ற தகப்பன்

வீடிழந்து மீண்டெழுந்தோர் கதைகளுள், நம் இளம் போதகர்கள் பிரசங்கங்களில் விரும்பி எடுத்தாள்வது 2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி பர்சூட் ஆஃப் ஹேப்பினஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படமாகும். கிறிஸ் கார்ட்னர் என்னும் கறுப்பினத்தவர் 1980களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரில் தம் மகனோடு இருப்பிடமின்றி அலைந்து, பின்னர் பங்குத் தரகராக உயர்ந்த வரலாறு அது. வில் ஸ்மித்தும் அவருடைய மகனும் தகப்பனும் பிள்ளையுமாக நடித்துள்ளனர். ரயில் நிலையக் கழிப்பறையின் கதவைக் காலால் அடைத்துக்கொண்டு, உறங்கும் பிள்ளையின் செவியைப் பொத்தியபடி தகப்பன் கண்ணீர் சொரியும் காட்சியைப் பார்த்தவர் மறவார். நாமும் மறக்கவில்லை.

எனினும், கார்ட்னர் தாமே எழுதிய வாழ்க்கை வரலாற்றையும் இப்படத்தையும் அருகருகே வைத்து நோக்குங்கால் ஓர் ஐயம் எழுகின்றது. படத்தில் கதாநாயகன் ஊதியமின்றிப் பயிற்சி பெறுகின்றான். வரித்துறை அவனுடைய வங்கிப் பணத்தை எடுத்துக்கொள்கின்றது. ஆகவே தெருவுக்கு வருகின்றான். மெய்யான கார்ட்னருக்கோ பயிற்சிக் காலத்தில் சிறு உதவித்தொகை கிடைத்தது. வேலை இருந்தது, வருவாய் இருந்தது, வீடு மாத்திரம் இல்லை. அவர் தங்கியிருந்த விடுதி குழந்தைகளை ஏற்காது என்பதே காரணம். மகன் கைக்கு வந்த நாளில் கூரை போயிற்று. படம் இதைச் சொல்லியிருந்தால், உழைப்பவனும் தெருவில் கிடக்கக்கூடும் என்னும் கசப்பான உண்மையைப் பார்வையாளர் எதிர்கொண்டிருப்பர். பணமின்மையைக் காரணமாக்கியதால், பணம் வந்ததும் துன்பம் தீர்ந்தது என்று எளிதில் முடித்துவிட முடிந்தது.

இதனினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. அது நம்மைப் போன்றோரை நேரே தொடுகின்றது. கிளைடு நினைவு மெதடிஸ்டு ஆலயத்தின் உறைவிடத்தில் இடம்பெற, படத்தின் தகப்பன் அலுவலகம் விட்டு மூச்சிரைக்க ஓடிவந்து வரிசையில் நிற்கின்றான். இடத்திற்காக வேறொருவனோடு சச்சரவிடுகின்றான். மெய்யாக நடந்தது வேறு. அவ்வுறைவிடம் வீடற்ற பெண்களுக்கென்று ஏற்பட்டது. பிள்ளையோடு வந்து கேட்ட ஓர் ஆணுக்கு, ஆயர் செசில் வில்லியம்ஸ் தயங்காமல் இடமளித்தார். 1967இல் தம் ஆலயத்தினின்று சிலுவையை அகற்றிய இவருடைய இறையியலோடு நாம் எல்லாவற்றிலும் உடன்படுபவரல்லர். நிற்க. விதியை அறிந்திருந்தும் அதைத் தளர்த்திய அந்த ஒரு செயலன்றோ கதையின் திருப்புமுனை? 2024இல் மறைந்த அவ்வாயர் இப்படத்தில் தாமாகவே தோன்றுகிறார்; அவர் செய்ததோ தோன்றவில்லை. இரக்கம் இருந்த இடத்தில் போட்டி வைக்கப்பட்டுவிட்டது.

வரிசையில் நின்று இடமின்றித் திரும்பிய எண்ணற்றோரின் நிலையை அக்காட்சி காட்டுகின்றதே என்று சிலர் கூறலாம். அது நியாயமே. ஆனால் அவர்களோ கதாநாயகன் முந்திச் செல்லவேண்டிய கூட்டமாக மாத்திரம் திரையில் நிற்கின்றனர். கதவு மூடப்பட்டபின் அவர்கள் எங்கே போயினர் என்று ஒரு நொடியேனும் படம் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் காலில் நிற்றல் என்பது பிறரை முந்துதலே என்னும் எண்ணம் இவ்வாறு சத்தமின்றி உள்ளே நுழைகின்றது. இப்படத்தைப் பிரசங்கத்தில் எடுத்தாள்வோர் இதனையும் சேர்த்தே எடுத்தாள்கின்றனர் என அஞ்சுகின்றோம்.

முடிவும் இதற்கு ஒத்ததே. வேலை உறுதியான நாளில், தெருக்கூட்டத்தின் நடுவே அவன் ஆனந்தக் கண்ணீரோடு கைதட்டிக்கொள்வது படத்தின் உச்சம். வருவாயில் சிறுகச் சிறுகச் சேர்த்து, வளைகுடாவின் மறுகரையில் கார்ட்னர் வாடகைக்கு எடுத்த வீட்டை நாம் காண்பதேயில்லை. அவ்வீட்டுக்குள் தகப்பனும் மகனும் நுழைந்த மாலைப்பொழுதைக் காட்ட, இரண்டு மணிநேரப் படத்தில் இரண்டு நிமிடம் கிடைத்திருக்காதா?