யாருடைய செத்தவர்கள்?
நீலகிரிக் கற்குவைகளும் அளக்கும் கண்ணும்

நீலகிரியின் முகட்டுப் புல்வெளிகளில் கிடக்கும் கற்குவைகளையும் கல்வட்டங்களையும் அளந்து, தோண்டி, பட்டியல் போட்ட நூல் ஒன்று உண்டு. எழுதியவர் அம்மலையின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். 1872இல் அவர் இறந்துபோக, அடுத்த ஆண்டு லண்டனில் வெளிவந்தது. தலைப்பிலேயே பழங்குடிகளும் நினைவுச் சின்னங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயிரோடிருக்கிற மனிதரும் செத்தவர்களின் கல்லும் ஒரே பட்டியலில். தொல்லியல் தகவலுக்காக இதை வாசிப்பவர்கள் வாசிக்கட்டும். நாம் இதை ஒரு நிர்வாகப் பிரதியாக வாசிப்போம்.

பிரதியை இயக்கும் கேள்வி ஒன்றுதான்: இவை யாருடையவை? 1847இலேயே காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி இவற்றைத் தொதவருடையவை என்று சொல்லி, தொதவரைச் சிதியர் வழிவந்தவர்களாக்கினார். பிரீக்ஸும் தொதவரின் முன்னோர் பக்கமே சாய்ந்தார். தொதவர்களோ உரிமை கொண்டாடவில்லை. குழிக்குள்ளிருந்து வந்த பானை மூடிகளில் எருமை உருவம் இருக்கிறது, சரி. குதிரையும் அதன்மேல் ஆளும் இருக்கிறதே? தொதவர் பானை வனைகிறவர்களும் அல்லர். அது கோத்தர் தொழில்.

‘எங்களுதில்ல’ என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பல அர்த்தம் இருக்கலாம். தெரியாது என்பது ஒன்று. பேசமாட்டோம் என்பது இன்னொன்று. தொடாதே என்பதாகவும் இருக்கலாம். அதிகாரத்தின் காதில் விழுவது ஒன்றே: கேட்பாரில்லை, தோண்டு. நிலத்துக்கும் இதே இலக்கணம்தான். பட்டா இல்லையா? அப்போ தரிசு.

‘வரலாற்றுக்கு முந்தைய’ என்ற அடைமொழியையும் சும்மா விடக்கூடாது. இக்குழிகளில் கிடைத்த வெண்கலக் கிண்ணங்களில் பலவற்றைக் கி.பி. முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்தவையாகக் கருதுகிறார்கள். சமவெளி கல்லிலும் ஓட்டிலும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. மலையை மட்டும் வரலாற்றுக்கு வெளியே தள்ளியது யார் வசதிக்காக?

இதை வெள்ளையன்-கறுப்பன் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. அதே பத்தாண்டில் பாதிரியார் கிரீன்வெல் வட இங்கிலாந்தில் புதைமேடுகளைத் தோண்டி 1877இல் நூல் போட்டார். பொருட்கள் 1879இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போயின. நீலகிரிப் பொருட்களிலும் ஒரு பகுதி அங்கேதான், ஒரு பகுதி சென்னையில். இரண்டு இடத்திலும் மண்வெட்டி பிடித்த கூலிக்காரன் பேர் அட்டையில் இல்லை. பிறகு அங்கேயே கிரின்செல் (1907-1995) என்ற வங்கிக் குமாஸ்தா, ஓய்வு நாட்களில் நடந்தும் சைக்கிளிலும் போய் ஆயிரக்கணக்கான மேடுகளைப் பார்த்துக் குறித்தார். அவர் முறை தோண்டுவதல்ல, நடப்பது. சாய்வெயிலில் நிழல் காட்டிக்கொடுக்கும் தாழ்ந்த மேட்டைத் தேடுவது. உச்சியில் பள்ளம் இருந்தால் யாரோ முந்திக்கொண்டார்கள் என்று எழுதிவிட்டு நகர்வது. அளப்பது என்றாலே கொள்ளை என்று ஆகிவிடாது.

ஆனால் எதை அளப்பது? வெள்ளையன் இப்புல்வெளியில் தன் ஊரைக் கண்டு ‘டவுன்ஸ்’ என்று பேர் வைத்தான்; கவர்னர் பேரைச் சேர்த்து வென்லாக் டவுன்ஸ். வருமானக் கணக்கிலோ அது வெறும் நிலம். கற்பூர மரம் வந்தது, சீகை வந்தது, தேயிலை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் சீகை நடுவது நிற்கவில்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டியிருந்தது. கற்குவையை முகட்டில் வைத்தவர்களுக்குப் பார்வை முக்கியமாக இருந்திருக்க வேண்டும். சீகைக்குள் சிக்கிய கற்குவைக்கு விட்டம் மாறாது, உயரம் மாறாது, அட்டவணையில் ஓர் எண்கூடப் பிழையாகாது. அதன் எதிரே இருந்த வெளி மட்டும் போய்விட்டது. அந்த வெளியில் மேய்ந்த எருமையும் போய்விட்டது.

நம்மையும் விட்டுவைக்க வேண்டாம். ஆதிச்சநல்லூர் தொடங்கிக் கீழடிவரை நாம் கேட்பதும் ‘யாருடையது?’தான். விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறோம். 2025 ஜனவரியில் தமிழக அரசு இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டபோது கொண்டாடினோம். கங்கைக்கரையிலிருந்தே எல்லாம் தொடங்கியது என்ற கதையாடலுக்கு எதிராக அந்தக் கொண்டாட்டத்துக்கு நியாயம் உண்டு. அதே பெருமிதம் மலையேறி, ‘இதுவும் நம்மளுது’ என்று சொன்னால் பிரீக்ஸின் நாற்காலியில் நாமே உட்கார்ந்துவிட்டோம் என்று அர்த்தம்.

இனி அங்கே அளக்கப் போகிறவர்கள் கல்லோடு புல்லையும் எழுதட்டும். எந்த முகட்டிலிருந்து எது தெரிந்தது, இப்போது எதை மரம் மறைக்கிறது, யார் மேய்த்தார்கள், 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் மேய்ச்சல் உரிமை கேட்டவர்களுக்கு என்ன பதில் வந்தது என்பதற்கும் அட்டவணையில் பத்தி வேண்டும். ‘எங்களுதில்ல’ என்ற பதிலையும் அப்படியே, விளக்கம் சொல்லாமல், எழுதி வைக்கட்டும்.