படவணுவா, படப்புள்ளியா?

கணினி வரைவுக்கும் நிழற்படத்துக்கும் உரிய கலைச்சொற்கள் பல தமிழில் வழங்குகின்றன. அவற்றுள் மூன்றனை, கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் வைத்து ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது 'பிக்சல்'. 1957இல் ரசல் கிர்ஷ் என்னும் அமெரிக்க அறிஞர் தம் குழந்தையின் நிழற்படத்தைக் கணினியில் ஏற்றினார். அப்படம் 176 நிரை, நிரைக்கு 176 கட்டம் என 30,976 சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. அத்தகைய கட்டம் ஒன்றே பிக்சல். அதனைத் தமிழில் 'படப்புள்ளி' என்பாரும் 'படவணு' என்பாரும் உளர்.

படப்புள்ளி கேட்க எளிது. ஆயின் வடிவ கணிதத்தில் புள்ளிக்கு இடம் உண்டு; நீள அகலம் இல்லை. கணினி வரைவில் ஒரு நேர்கோடு, தன் இரு முனைப் புள்ளிகளின் அச்சுத்தூரங்களாகவே பதிவாகிறது. தமிழ்நாட்டார் இதனை ஆயத்தொலைவு என்பர். அக்கோட்டினை எத்துணைப் பெரிதாக்கினும் சிதையாது. நிழற்படமோ பெரிதாக்குந்தோறும் கட்டங்கட்டமாகத் தோன்றும். இரண்டனையும் புள்ளி என்றே கற்பித்தால் இவ்வேறுபாட்டை மாணவர் எங்ஙனம் உணர்வர்? ஆதலின் படவணுவே தக்கது. அணுவும் பிளக்கப்படுவதன்றோ எனின், வழக்கில் அணு என்பது மிகச் சிறிய கூறு என்னும் பொருளிலேயே நிற்கிறது என்க.

இரண்டாவது 'நிரை'. இதற்கு அகராதி வேண்டா. பால்மரக் காட்டில் நிரை பிடித்து மரம் சீவிய பாட்டன் பாட்டியர் வாயில் வழங்கிய சொல் இது. குன்றின்மேல் நின்று நோக்குவார்க்குத் தோட்டம் ஒரே பச்சைப் பரப்பு; நிரைக்குள் நிற்பார்க்கோ மரம் ஒவ்வொன்றும் தனி. நிழற்படத்தின் இயல்பும் இஃதே. இதனினும் நல்ல உவமை நம் பிள்ளைகளுக்கு வேறு கிடையாது.

மூன்றாவது, படத்தின் நுட்பத்தைச் சுட்டும் 'ரெசலூஷன்'. இதனைத் 'தீர்மானம்' என்று சில கணினித் திரைகள் காட்டுகின்றன. இது பெரும்பிழை. அவ்வாங்கிலச் சொல்லுக்குக் கூட்டத்தின் முடிவு என்பது ஒரு பொருள். நெருங்கிய இரண்டனைப் பிரித்துக் காட்டும் ஆற்றல் என்பது மற்றொரு பொருள். தீர்மானம் முன்னதற்கே உரியது. பின்னதற்குப் 'பிரிதிறன்' என்னும் நற்சொல் ஏற்கெனவே உண்டு. பொருளை நோக்காது அகராதியின் முதல் வரியை எடுத்ததால் நேர்ந்த பிழை இது.

இவை சிறு பூசல்கள் அல்ல. ஆறாம் ஆண்டு முடித்த மாணவர் இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி வழியே பயில்வர். நாளை அவருள் ஒருவர் 1996இல் திறக்கப்பெற்ற கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் வரைவாளராகவும் அமரலாம். தமிழிற் கருத்துத் தெளிந்தவர்க்கு மலாயில் 'பிக்செல்' என்பது பழகிய பொருளுக்கு மற்றொரு பெயராகும். தெளியாதவரோ தம் தாய்மொழியில் இக்கலைக்குச் சொல்லே இல்லை என்று எண்ணிவிடுவர்.

ஆதலின், ஒரு சொல்லை ஏற்குமுன் ஆசிரியர் அதனை வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்க்க. பொருளை விளக்கும் சொல் நிற்கட்டும். மயக்கும் சொல் ஒழியட்டும்.