மெலிந்த டார்காவுக்கு ஒரு விரல்நீள இறப்பர்

ஷேஃபர் டார்காவைப் பற்றிப் பேனைப் பிரியர்களுக்குப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. 1976இல் வந்தது. சிசிலித் தீவின் டார்கா புளோரியோ கார்ப் பந்தயத்தின் பெயரைத் தாங்கியது. நிப்பு கழுத்தோடு பதித்து இழைக்கப்பட்டிருக்கும். அந்த வேலைப்பாடு 1959இல் வந்த ஷேஃபரின் பி.எஃப்.எம். பேனையின் வழி. இவ்வளவு போதும். பல வாரங்களாக என் சட்டைப்பையில் இருப்பது அதன் மெலிந்த வடிவமான டார்கா ஸ்லிம். எண்பதுகளில் மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது. நான் எழுத வந்தது அதன் வயிற்றுக்குள் கிடக்கும், யார் கண்ணிலும் படாத ஒரு சாமானைப் பற்றி: மை உறிஞ்சும் கொன்வேட்டர்.

சாதாரண டார்கா வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை. இன்று விற்கும் ஷேஃபர் திருகு கொன்வேட்டர் அதற்குள் போகும். ஸ்லிம்முக்குள் போகாது. வாய் பொருந்தினாலும் உடல் தடிப்பு. பின்பகுதியைத் திருகிப் பூட்ட முடியாது. அதற்கென்று இருந்த ஒடுங்கிய அமுக்குக் கொன்வேட்டரைச் செய்வதை நிறுத்தி நெடுங்காலம் ஆகிவிட்டது. அதனால் பழைய பேனை விற்பவர்களில் சிலர் பேனைக்கு ஒரு விலையும், அதன் கொன்வேட்டரைக் கழற்றி அதற்குத் தனி விலையும் சொல்கிறார்கள். பேனை வாங்கியவர் அழகான ஒரு குழாயை வாங்கியிருப்பார்.

இந்தக் கஷ்டம் ஸ்லிம்முக்கு மட்டும் உரியதல்ல. பிளாஸ்டிக் காட்ரிஜ்ஜைப் பரவலாக்கிய வாட்டர்மன் சி.எஃப். 1953இல் வந்தது, அதன் காட்ரிஜ்ஜும் இப்போது தயாரிப்பில் இல்லை, கொன்வேட்டரும் இல்லை. பைலட் தன் கொன்-20ஐ நிறுத்திவிட்டது, ஆனால் கொன்-40 கைகொடுக்கிறது. 1960இல் வந்த பார்க்கர் 45 கொடுத்துவைத்தது: இன்றைய பார்க்கர் கொன்வேட்டரே அதில் அமர்ந்துவிடும். கொழும்பு வெள்ளவத்தையில் பழைய மேசை இலாச்சியைத் திறந்தால் பார்க்கர் 45 கிடைப்பவர் அதிர்ஷ்டசாலி என்று தாராளமாகச் சொல்வேன்.

அமுக்குக் கொன்வேட்டரின் அமைப்பு மிக எளிது. ஒரு மெல்லிய உலோக உறை. அதன் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு திறப்பு. திறப்புக்குள் ஒரு தகடு, தகட்டுக்குக் கீழே இறப்பர்ப் பை. பையின் வாய் ஒரு பிளாஸ்டிக் காம்பில் ஒட்டியிருக்கும். நிப்பை மைக்குள் அமிழ்த்தித் தகட்டை அமுக்கினால் காற்று வெளியேறும். விட்டால் பை விரிந்து மையை இழுக்கும். இதில் பழுதாவதற்கு இருப்பது அந்தப் பை ஒன்றுதான். நாற்பது வருடத்தில் இறப்பர் ஒன்றில் கல்லாகும், அல்லது தாராக உருகும். நம் வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். என்னுடையது கல்லாகியிருந்தது, அமுக்கினால் உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டது.

திருத்த ஆசைப்படுபவர்கள் முதலில் பயப்பட வேண்டியது உறையைக் கழற்றும் வேலைக்கு. கொட்டாஞ்சேனையில் மணிக்கூடு திருத்தும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். “தம்பி, அவசரப்பட்டால் பிளாஸ்டிக்தான் வெடிக்கும். பழுது உள்ளே, வெளியே ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியால் மெதுவாகச் சூடேற்றி, சைக்கிள் ரியூப் துண்டால் பிடித்து, மயிரிழை மயிரிழையாகத் திருகிக் கழற்றினார். குறடு எடுக்கவே இல்லை. உறை நசுங்கினால் புதுப் பை முழுதாக விரியாது, பேனை அரை வயிற்றோடு அலையும். அவர் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்தது பை. இதற்கு எண்கள் உண்டு. எண் என்பது அங்குலத்தின் 64இல் எத்தனை பங்கு விட்டம் என்பது. 16ஆம் எண் என்றால் கால் அங்குலம். கொன்வேட்டருக்கு அதைவிட ஒடுங்கியது வேண்டும். உறையின் உள்விட்டத்தை அளந்து, பை உறைச் சுவரில் உரசாத எண்ணை எடுக்க வேண்டும். நீளத்தையும் உறையின் அடியில் முட்டாமல் வெட்ட வேண்டும். ஒட்டுவதற்கு அரக்குத்தான். தச்சர்கள் பொலிஷ் போட ஸ்பிரிட்டில் கரைக்கும் அரக்குச் செதில், ஹாட்வெயார் கடையில் கிடைப்பது. செட்டியார் தெருப் பொற்கொல்லர் வைத்திருக்கும் அரக்கு வேண்டாம், அதில் வேறு பொருட்கள் சேர்ந்திருக்கும். சுப்பர் குளூவை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அரக்கு சூட்டில் இளகும், அடுத்த தடவை பை மாற்றுபவருக்கு வழிவிடும். சுப்பர் குளூ இறுகிய காம்பை யாரும் காப்பாற்ற முடியாது. மழைக்காலத்தில் கொழும்பு ஈரத்துக்கு அரக்கு வெளுத்துப் பூத்துவிடும், காயவும் நேரம் எடுக்கும். ஓர் இரவு போதும் என்று எழுதிவைத்திருப்பவர்கள் உலர்ந்த நாட்டுக்காரர்கள். நன்றாகக் காயவிட்டு, பைக்கு மேலே வாசனை சேராத டல்க் மாவைத் தடவி, உறைக்குள் இறக்க வேண்டும்.

எனக்கு அந்தப் பை கனடாவிலிருந்து வந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சாள் கைப்பையில் கொண்டுவந்தாள். இது எனக்கு உறுத்துகிறது. ஆசியாவில் முதன்முதலாக இறப்பர்க் கன்று ஊன்றப்பட்டது கம்பஹாவில், ஹெனரத்கொட தோட்டத்தில், 1876இல். களுத்துறையிலும் கேகாலையிலும் இன்றும் பால் வெட்டுகிறார்கள். களனி ஆற்றுக்கு அருகே பியகம வலயத்தில் செய்யும் இறப்பர்க் கையுறைகள் உலகம் முழுவதும் போகின்றன. விரல் நீளத்துக்கு ஒரு குழாய், ஒரு முனை மூடியது, அவ்வளவுதான் கேட்கிறோம். அதைச் செய்ய நம்மிடம் இல்லாத எதுவும் இல்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதியை இறுக்கிய காலத்தில் இந்த நகரம் எதையும் எறியாமல் திருத்தி வாழ்ந்தது. 2020இல் மறுபடி இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோதும், 2022இல் டொலர் தீர்ந்தபோதும் அந்தக் கைகள் பலவற்றை நாம் தேட வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடு எதற்கு, பழைய காட்ரிஜ்ஜைக் கழுவி பாமசியில் வாங்கிய சிரிஞ்சால் மை ஏற்றினால் போதாதா என்று கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன், மோசமில்லை. காட்ரிஜ்ஜில் மை அதிகமும் பிடிக்கும். ஆனால் சில நிரப்பலுக்குப் பிறகு காலையில் முதல் கோடு இழுபடும், இரண்டாவது எழுத்தில்தான் மை இறங்கும். பை மாற்றிய கொன்வேட்டரைப் போட்ட பிறகு அதே பேனை, அதே குயிங்க் நீலம், அந்த இழுபறி இல்லை. காரணம் இதுதான். சிரிஞ்சால் ஏற்றும் மை பின்னாலிருந்து முன்னால் மட்டுமே போகும். நாள் முழுவதும் மின்விசிறி சுழலும் அறையில் நிப்புக்கடியில் உலர்ந்த மை அங்கேயே படிந்து கிடக்கும். தகட்டை அமுக்கும்போது மையும் காற்றும் அந்த நுண் வாய்க்கால் வழியாக வெளியே பாய்ந்து, திரும்ப உள்ளே வரும். நாலைந்து தடவை அமுக்கினால் நாலைந்து தடவை கழுவியதாகிறது. ஒவ்வொரு நிரப்பலும் ஒரு கழுவல். அந்தத் தகட்டை விரலால் அமுக்கி, மைக்குள் குமிழி எழுவதைப் பார்த்து, விட்டுப் பத்து எண்ணும் நேரம் எனக்கு நாளின் மிக நல்ல நேரங்களில் ஒன்று. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று பார்க்க வழியே கிடையாது. கறுப்பு இறப்பர், அதற்கு மேல் உலோகம். நீண்ட கடிதத்தின் நடுவில் பேனை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். 1948இல் பார்க்கர் 51 தன் இறப்பர்ச் சவ்வைக் கைவிட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்கு மாறியது. அவற்றில் எத்தனையோ இன்றும் உறிஞ்சுகின்றன. அப்படி ஒரு பொருளில் ஒடுங்கிய பை யாராவது வார்த்தால் மை தெரியாத குறையும் பை கெடும் குறையும் ஒன்றாகத் தீரும். சிலிக்கோன் பை பலரும் பரிந்துரைப்பது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அரக்கு அதைச் சரியாகப் பிடிக்காது, காற்றும் அதனூடாகக் கசியும்.

ஷேஃபரிடம் எனக்குள்ள பற்று மறைக்கக்கூடியதல்ல. மை நிரப்பும் வழியை மாற்றியே பெயர் எடுத்த வீடு அது: வால்டர் ஷேஃபர் நெம்பு நிரப்பிக்குக் காப்புரிமை பெற்றது 1908இல், நிப்பை நனைக்காமல் மூக்கை நீட்டி மை குடிக்கும் ஸ்நோர்க்கல் 1952இல். பிறகு 1997இல் பிக், 2014இல் கிராஸ் என்று கைமாறி, 2022இல் பெங்களூரின் வில்லியம் பென் நிறுவனத்திடம் வந்துவிட்டது. அயோவாவிலிருந்த பெயர் இப்போது எங்களுக்கு ஒரு கடல் தாண்டினால் எட்டும் தூரத்தில். பழைய ஸ்லிம்களுக்கு ஒடுங்கிய கொன்வேட்டர் ஒன்றை மறுபடி வார்க்கச் சொல்லி அவர்களுக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எந்தத் தொழிற்சாலையும் அச்சுச் செய்யும்.

கொன்வேட்டர்த் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் திருவள்ளூர் ரங்காவின் எபோனைட் பேனையை எடுத்து, உடலுக்குள்ளேயே துளித்துளியாக மை விட்டுக்கொள்ளலாம். மை குறையும்போது கைச்சூட்டில் சொட்டும், அதைத் தாங்க வேண்டும். டார்கா ஸ்லிம்மின் உடலுக்குள் அப்படி மை ஊற்றிப் பார்க்க வேண்டாம். உலோகத்தை மை தின்னும்.

ஸ்லிம் வாங்கப் போகிறவர் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பை கல்லாகியிருந்தாலும் உறையும் காம்பும் தகடும் முழுதாக இருந்தால் துணிந்து வாங்கலாம், பை மாற்றத்தக்கது. உறை இல்லையென்றால் விலையை அடித்துப் பேசி, ஷேஃபர் காட்ரிஜ் இரண்டு மூன்றாவது கையோடு கேளுங்கள். அதன் வாய் தளரத் தொடங்கியதும் எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் சட்டைப்பை சொல்லும். காது கழுவும் இறப்பர்க் குமிழ் ஒன்றைப் பாமசியில் வாங்கி, சில நிரப்பலுக்கு ஒருமுறை நிப்புப் பகுதியைத் தண்ணீரால் பின்னாலிருந்து அலசிவிடுங்கள்.