பித்தளையின் பதம்

துப்பாக்கி வெடித்ததும் மருந்து எரிந்து தீர்கிறது, குண்டு இலக்குக்குப் போகிறது, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் நசுங்கி வீணாகிறது. சுட்டவர் கைக்குத் திரும்புவது பித்தளைக் கூடு ஒன்றுதான். அமெரிக்காவில் குறிசுடும் போட்டிக்காரர்கள் பலர் அதைப் பொறுக்கி வந்து, மறுபடியும் தோட்டாவாக்க வீட்டுப் பட்டறையிலேயே பக்குவம் செய்கிறார்கள். செலவு மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அவர்களை மணிக்கணக்கில் உட்காரவைப்பது, நூறு கூடுகளும் ஒன்றுபோல் அமைய வேண்டும் என்ற வேட்கை. நான் ரசிப்பதும் அந்த வேட்கையைத்தான்.

செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு சேர்ந்த பித்தளை இது. வெடிக்கும்போது விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிக் கழன்று வருகிறது. இப்படி விரிந்தும், பிறகு அச்சில் அழுந்திப் பழைய அளவுக்குத் திரும்பியும் வரும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் இறுகுகிறது. இறுகிய கழுத்து குண்டைச் சீராகப் பிடிக்காது. நாளடைவில் பிளந்தும் போகும்.

அதற்கு மருந்து நெருப்பு. கழுத்தையும் அதற்குக் கீழே சரியும் தோளையும் மட்டும் சில நொடிகள் சுடரில் காட்டி இளக்க வேண்டும். வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பகுதி இளகிவிட்டால் ஆபத்து. அதனால்தான் பழைய முறையில் கூடுகளைத் தட்டுத் தண்ணீரில் நிற்கவைத்து மேற்பகுதிக்கு மட்டும் சூடு காட்டினார்கள். பின்லாந்தின் லாப்புவா ஆலைக் கூடுகளில் கழுத்தை ஒட்டி நிறம் மாறிய பட்டை ஒன்று தெரியும். இளக்கிய நெருப்பின் தடம் அது. மெருகேற்றி அழிக்காமல் விட்டிருப்பார்கள். எந்தப் பளபளப்பையும்விட அந்தக் கறை எனக்கு அழகு.

அடுத்தது அளவு. அச்சில் அழுந்தும்போது கூடு நீளும். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம், அதை 2.005-க்குக் கத்தரித்து, வாயின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் பிசிறு எடுப்பார்கள். தோளைப் பின்தள்ளுவதோ அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். கூடுதலாகத் தள்ளினால் அடுத்த வெடிப்பில் அடிக்குச் சற்று மேலே சுவர் இழுபட்டு மெலியும். வெளிக்கண்ணுக்கு அது தெரியாது. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவுவார்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூட்டின் ஆயுள் அத்தோடு முடிந்தது. இத்தனை கருவிகள் வந்த பிறகும் விரல் நுனிக்கு இருக்கும் இந்த மதிப்பு என்னை வியக்கவைக்கிறது.

துலக்குவதிலும் விவரம் உண்டு. அரைத்த வால்நட் ஓட்டில் புரட்டி எடுக்கலாம். அம்மோனியா கலந்த துலக்கி கூடாது. இதற்குப் பின்னால் இந்தியக் கதை ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் இங்கே குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921-இல் விளங்கியது. உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கத்தோடு அம்மோனியா சேர்ந்தால் உலோகம் பிளக்கிறது. அந்த உள்ளிறுக்கத்தைத் தணிப்பதும் நெருப்பின் பதம்தான்.

ஒரே துண்டு உலோகம் மேலே இளகியும் கீழே இறுகியும் இருக்க வேண்டும். எது எங்கே எவ்வளவு என்று தெரிந்த கைக்கே அது வசப்படும். தங்கமாய் மின்னும் கூட்டைக் காட்டி யாரும் என்னை மயக்க முடியாது. வரிசையிலிருந்து எந்தக் கூட்டை எடுத்தாலும் கழுத்து ஒரே இறுக்கத்தில் குண்டைப் பிடித்தால், அதைச் செய்தவரைக் கலைஞர் என்பேன்.