எட்டு மைக், ஒரு பொத்தான்: ஆட்டோ-அலைன் 2 எதுவரை உதவும்?

ஸ்நேர் மைக்கைத் தனியாகக் கேட்டால் அடி கனமாக விழுகிறது. ஓவர்ஹெட் மைக்குகளைத் தனியாகக் கேட்டாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்துவிட்டால் ஸ்நேர் இளைத்துப்போகிறது. டிரம்ஸ் பதிவை மிக்ஸ் செய்ய உட்கார்ந்த எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். பலரும் உடனே ஈக்யூவைத் திறந்து 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றிப் பார்ப்பார்கள். ஏற்றினாலும் வராது. பதிவில் அந்த ஒலி இருக்கத்தான் செய்கிறது. இரண்டு ட்ராக்குகளும் சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

கணக்கு எளிது. 20 டிகிரி செல்சியஸில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஸ்நேர் மைக் தோலிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிற்கிறது, ஓவர்ஹெட் 105 செ.மீ. உயரத்தில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஒரு மீட்டர். அதே அடி ஓவர்ஹெட்டுக்கு 2.9 மில்லிநொடி பிந்திப் போய்ச் சேரும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அது 140 சாம்பிள். இது எதிரொலியாகக் காதில் விழாது. ஆனால் 171 ஹெர்ட்ஸ் அலைக்கு 2.9 மில்லிநொடி என்பது அரைச்சுற்று. ஒரு மைக்கில் அலை மேலேறும் நேரத்தில் மற்றதில் இறங்குகிறது. ஸ்நேரின் அடிப்படைச் சுருதி பெரும்பாலும் 150 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால் பள்ளம் சரியாக அதன் வயிற்றில் விழுகிறது. அடுத்த பள்ளங்கள் 515, 860 ஹெர்ட்ஸ் அருகே, சீப்பின் பல்லிடுக்குகள் போல வரிசையாக வரும்.

பயமுறுத்திவிட்டு ஒரு ஆறுதலும் சொல்ல வேண்டும். முழு அழிவு நடப்பது இரண்டு ட்ராக்கிலும் அந்த ஒலி சம அளவில் இருந்தால் மட்டுமே. ஒன்று மற்றதைவிட 10 டெசிபெல் குறைவாக இருந்தால் மேடு 2.4 டெசிபெல், பள்ளம் 3.3 டெசிபெல், அவ்வளவுதான். எனவே எட்டு ட்ராக்கையும் பார்த்துக் கலங்கத் தேவையில்லை. ஒரே ஒலியை ஏறக்குறைய ஒரே அளவில் தாங்கும் ஜோடிகள் எவை என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் ஸ்நேரும் ஓவர்ஹெட்டும், கிக்கும் ஓவர்ஹெட்டும், ஸ்நேரின் மேல் கீழ் மைக்குகளும்.

டேப் காலத்தில் ட்ராக்கை 140 சாம்பிள் நகர்த்துகிற வசதி கிடையாது. மைக்கைத்தான் நகர்த்தினார்கள். லெட் செப்பெலின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த க்ளின் ஜான்ஸின் பெயரால் இன்றும் ஒரு முறை வழங்குகிறது. மேலே ஒரு மைக், ஃப்ளோர் டாம் பக்கம் ஒரு மைக். இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில். ஒரு கயிறோ அளவு நாடாவோ இருந்தால் வேலை முடிந்தது. பதிவு உங்கள் கையில் இருந்தால் இதைவிட மலிவான கருவி எதுவும் இல்லை. இந்த விமர்சனம், பதிவு கைநழுவிப் போனபின் கோப்புகள் மட்டும் வந்து சேருகிறவர்களுக்கானது.

சவுண்ட் ராடிக்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் ஆட்டோ-அலைன் 2 இந்த வேலைக்கென்றே வந்த ப்ளக்-இன். ஒவ்வொரு மைக் ட்ராக்கிலும் ஒன்றைப் போட்டுவிட்டுப் பாட்டை ஓடவிட வேண்டும். ப்ளக்-இன்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு எந்த மைக் எவ்வளவு பிந்துகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும். முதல் பதிப்பில் எந்த ட்ராக் அனுப்புகிறது, எது வாங்குகிறது என்று நாமே பஸ் பஸ்ஸாக இணைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தலைவலி இப்போது இல்லை. உள்ளே நடப்பது மந்திரமல்ல. இவ்வகைக் கருவிகள் எல்லாமே ஒரு ட்ராக்கை இன்னொன்றின் மீது வைத்து முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் இரண்டும் அதிகம் ஒத்துப்போகின்றன என்று தேடுகின்றன.

அதே வேலையைக் கையால் செய்ய ரீப்பர் என்ற பதிவு மென்பொருளைத் திறந்தேன். ரீப்பரில் 'டைம் அட்ஜஸ்ட்மென்ட்' என்ற சிறிய ப்ளக்-இன் கூடவே வருகிறது. மில்லிநொடியிலும் சாம்பிளிலும் தாமதம் கொடுக்கலாம். எதிர்மறை எண் கொடுத்து ட்ராக்கை முன்னாலும் இழுக்கலாம். ட்ராக்கின் ரௌட்டிங் ஜன்னலில் 'மீடியா பிளேபேக் ஆஃப்செட்' என்ற வசதியும் அதையே செய்யும். ஸ்நேர் மட்டும் தனியாக விழும் ஓர் இடத்தைத் தேடி, அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, இரண்டு ட்ராக்கிலும் அடி தொடங்கும் புள்ளிகளுக்கு இடைவெளி எத்தனை சாம்பிள் என்று அளக்க வேண்டும். உச்சியை அளக்கக் கூடாது. ஓவர்ஹெட்டில் அலையின் வடிவமே வேறு என்பதால் உச்சி வேறிடத்தில் வரும். முதல் அசைவைத்தான் பிடிக்க வேண்டும். அளந்த எண்ணைப் போட்டதும் ஸ்நேரின் வயிறு திரும்பி வருகிறது. மோனோவில் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

முடிவு மட்டும் முக்கியமென்றால், ஸ்நேருக்கும் கிக்குக்கும் கையால் கிடைப்பதும் ப்ளக்-இன் தருவதும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபாடு நேரத்தில். தெளிவான அடி கிடைக்கும் பாட்டில் கைவேலை சலிப்பு தராது. சிம்பல் முழுக்க மூடிக்கொண்டிருக்கும் பாட்டில் ஓவர்ஹெட் ட்ராக்கில் ஸ்நேரின் தொடக்கம் எது என்று கண்ணால் சொல்லவே முடியாது. அங்கே ஆட்டோ-அலைன் கொடுத்த காசுக்கு உழைக்கிறது. ஓர் ஆல்பத்தில் பத்துப் பாட்டும் ஒரே அமைப்பில் பதிவானதென்றால், ஒரு பாட்டில் கண்ட எண்களை மற்றவற்றுக்கும் போட்டுவிடலாம் என்பதால் அந்த நேரச் சேமிப்பும் சுருங்கிவிடும். இடையில் யாரும் ஸ்டாண்டில் இடித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் என்பது ஒலிக்கு வெறும் 7 மில்லிமீட்டர் தூரம்.

எந்தக் கருவியையும் தொடுமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஸ்நேரின் மேல்தோலைக் குச்சி அடிக்கும்போது தோல் மேல் மைக்கை விட்டு விலகுகிறது. கீழ்த்தோல் கீழ் மைக்கை நோக்கித் தள்ளப்படுகிறது. இரண்டு மைக்கும் நேரெதிர்த் திசையில் அலையைப் பதிகின்றன. இதற்குத் தாமதம் மருந்தல்ல. வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட அந்தப் போலாரிட்டி பொத்தானை ஒரு ட்ராக்கில் அழுத்தினால் முடிந்தது. மிருதங்கத்தையோ தவிலையோ இரு பக்கமும் மைக் வைத்துப் பதிகிறவர்களுக்கும் இதே கதைதான். ஒரு பக்கத் தோல் உள்ளே போனால் உள்ளிருக்கும் காற்று மறுபக்கத் தோலை வெளியே தள்ளுகிறது. தொப்பியின் கும்கி மெலிந்து கேட்டால் முதலில் அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஆட்டோ-அலைன் போலாரிட்டியையும் தானே பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் இதைக் காதால் முடிவு செய்துவிட்டு அப்புறம் ப்ளக்-இன்னிடம் கொடுப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி விளம்பரங்களில் வராத பகுதி. ஒரு மைக்குக்கு ஒரு தாமதம்தான் கொடுக்க முடியும். ஆனால் ஒவ்வொரு மைக்கும் எல்லா டிரம்களையும் கேட்கிறது, ஒவ்வொன்றையும் வெவ்வேறு தூரத்திலிருந்து. ஃப்ளோர் டாம் மைக்கை எடுத்துக்கொள்வோம். டாமுக்கு 5 செ.மீ., ஸ்நேருக்கு 60 செ.மீ. ஓவர்ஹெட் டாமிலிருந்து 115 செ.மீ., ஸ்நேரிலிருந்து 105 செ.மீ. டாம் ஒலி ஓவர்ஹெட்டோடு சேர வேண்டுமானால் டாம் மைக்கை 154 சாம்பிள் தாமதிக்க வேண்டும். சரி, செய்தாயிற்று. அந்த மைக்கில் கசிந்திருக்கும் ஸ்நேருக்கு என்ன ஆயிற்று? முன்பு அது ஓவர்ஹெட்டில் விழும் ஸ்நேருக்கு 63 சாம்பிள் முந்தியிருந்தது. இப்போது 91 சாம்பிள் பிந்திவிட்டது. டாமைத் திருத்தப் போய் ஸ்நேரைக் கொஞ்சம் கூடுதலாகக் கெடுத்திருக்கிறோம். இதை எந்த ப்ளக்-இன்னும் தீர்க்க முடியாது, வடிவியல் விடாது.

தானியங்கிக் கருவி இந்த இடத்தில் ஒரு சமரசம் செய்கிறது. இரண்டு ட்ராக்கிலும் பொதுவாக எது ஓங்கி ஒலிக்கிறதோ அதைக் கொண்டுதான் அதனால் ஒப்பிட முடியும். டாம் இரண்டே இடத்தில் வரும் பாட்டில் முழுப் பாட்டையும் ஓடவிட்டுக் கண்டறியச் சொன்னால், டாம் மைக்கில் அது பெரும்பாலும் கேட்பது ஸ்நேரைத்தான். எனவே எந்தப் பகுதியை ஓடவிட்டுக் கண்டறியச் சொல்கிறோம் என்பது பொத்தானைவிடப் பெரிய முடிவு. டாமைச் சேர்க்க டாம் உருட்டும் இடம், கிக்கைச் சேர்க்கக் கிக் தனியாக விழும் இடம். கசிவுக்குப் பழைய வைத்தியமே நல்லது. டாம் அடிக்காத இடங்களில் எல்லாம் டாம் ட்ராக்கை வெட்டி எடுத்துவிடுங்கள். கசிவே இல்லாவிட்டால் அதன் ஃபேஸைப் பற்றிக் கவலையும் இல்லை. இதைச் செய்துவிட்டு வந்தால் பாதி மிக்ஸ்களில் டாமை நகர்த்தவே வேண்டியிராது.

யாரை எங்கே நகர்த்துவது என்பதிலும் என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓவர்ஹெட்டை முன்னால் இழுப்பதைவிட, அருகு மைக்குகளை ஓவர்ஹெட்டுக்குத் தக்கபடி தாமதிப்பதே மேல். அப்போதுதான் கிக்குக்கு ஓர் எண், ஸ்நேருக்கு ஓர் எண் என்று தனித்தனியாகக் கொடுக்க முடியும். மேலே சொன்ன அமைப்பில் கிக்குக்கும் ஓவர்ஹெட்டுக்கும் 160 செ.மீ. வித்தியாசம் என்றால் 224 சாம்பிள் வரும். ஓவர்ஹெட்டை ஸ்நேருக்காக 140 மட்டும் இழுத்தால் கிக் 84 சாம்பிள் விலகியே நிற்கும். டிரம்ஸ் முழுவதும் நாலைந்து மில்லிநொடி பிந்துவது பேஸ் கிட்டாரோடு உறுத்துகிறது என்று தோன்றினால், கடைசியில் எல்லா டிரம்ஸ் ட்ராக்குகளையும் ஒன்றாகப் பிடித்து முன்னால் இழுத்துக்கொள்ளலாம்.

ரூம் மைக்குகளை இந்த ஆட்டத்தில் சேர்க்கவே வேண்டாம். நாலு மீட்டர் தள்ளி நிற்கும் மைக்கில் ஒலி 11.7 மில்லிநொடி பிந்தி வருகிறது. அறை பெரியது என்று காது அறிவது அந்தத் தாமதத்தால்தான். அதை நேராக்கினால் ஓங்காரம் கூடும், அறை காணாமல் போகும். 1971-இல் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் லெட் செப்பெலின் டிரம்மர் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து இரண்டு பையர்டைனமிக் எம்160 மைக்குகளை ஆன்டி ஜான்ஸ் தொங்கவிட்டார். 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டின் அந்த யானை நடை அப்படி வந்தது. க்ளின் ஜான்ஸின் தம்பிதான் இவர். மைக் தூரத்தை ஒரே குடும்பத்தில் ஒருவர் கணக்காகவும் மற்றவர் வெள்ளமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆட்டோ-அலைன் 2-இல் நேரத்தை நகர்த்துவதோடு நிற்காமல், அலைவரிசைவாரியாக ஃபேஸைத் திருத்தும் வசதியும் இருக்கிறது. கிக்குக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு மைக் வைத்த பதிவுகளில் இதற்குப் பலன் உண்டு, அடித்தளம் கெட்டிப்படுகிறது. ஸ்நேரில் எனக்கு இது பிடிக்கவில்லை. அடியின் முனை சற்று மழுங்கியதுபோல் கேட்கிறது. ஸ்நேரில் நேரத்தை மட்டும் திருத்திவிட்டு, இதை அணைத்துவிட்டேன்.

திருத்தியது உண்மையில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வோக்ஸெங்கோவின் கோரலோமீட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு ட்ராக்கை இடதுக்கும் வலதுக்குமாகத் தள்ளிவிட்டு அதைப் போட்டால், ஒவ்வொரு அலைவரிசைப் பட்டையிலும் அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று −1-க்கும் +1-க்கும் இடையில் காட்டும். 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையில் மேலே நின்றால் போதும். 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அது ஆடிக்கொண்டேதான் இருக்கும், அதைத் துரத்தாதீர்கள்.

யார் வாங்கலாம்? மற்றவர்கள் பதிவு செய்த டிரம்ஸ் வாரந்தோறும் வந்து சேருகிற மிக்ஸிங் இன்ஜினியராக இருந்தால் ஆட்டோ-அலைன் 2 வாங்கத் தகுந்தது. கிக்குக்கும் ஸ்நேருக்கும் அதை நம்புங்கள், டாமில் பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள், ரூம் மைக்கில் போடாதீர்கள். வீட்டிலிருந்து எப்போதாவது ஒரு டிரம்ஸ் பதிவைக் கையாளுகிறவருக்கும், மிக்ஸிங் படிக்கும் மாணவருக்கும் இது தேவையில்லை. ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபர் உரிமத்தின் விலை 60 டாலர். கையில் டிரம்ஸ் பதிவு இல்லையென்றால், 'மிக்ஸிங் சீக்ரெட்ஸ்' நூலை எழுதிய மைக் சீனியர் பயிற்சிக்கென்றே ட்ராக் ட்ராக்காகப் பிரித்த பாட்டுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒரு ராக் பாட்டை இறக்கி, முதலில் கையால் அளந்து பாருங்கள்.